பாலைக்கரையில் பவளத்திட்டு அலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, மேற்கு ஆஸ்திரேலியாவின் நராலூ என்னும் ஆளரவமற்ற பாலைக் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர்கள் வாரக்கணக்கில் கூடாரமடித்துத் தங்குவதைப் பற்றி இரண்டு வரிகள் எழுதியிருந்தோம். கடலே இல்லாத நம் வேலூர் வட்டாரத்திலிருந்து அந்த இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் மகன் பெர்த் நகரில் பொறியாளராக இருக்கிறான். வரும் ஜூலையில் நண்பர்களோடு நராலூ செல்லப்போவதாகச் சொல்கிறான். பெர்த்திலேயே கடல் இருக்கும்போது, ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனத்தைத் தாண்டிப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஐயா, பெர்த்தில் கடல் இருக்கிறது. ஆனால் அந்தக் கடலுக்கு முன்னால் ராட்னெஸ்ட் தீவும் கடலடிப் பாறைத்தொடர்களும் நின்று, தெற்கிலிருந்து வரும் பேரலைகளின் வேகத்தைப் பெருமளவு தணித்துவிடுகின்றன. நராலூவுக்கு அப்படிப்பட்ட மறைப்பு எதுவும் கிடையாது. தெற்கு அட்சரேகை 40 முதல் 50 பாகை வரை ஆண்டு முழுவதும் ஓயாமல் வீசும் மேற்குக் காற்று, தடுக்க நிலமே இல்லாத கடற்பரப்பில் நாட்கணக்கில் நீரை உந்தி, நீண்ட அலைகளை உருவாக்குகிறது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தடையின்றி ஓடும் தூரம் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் அலைக்கு வலிமை ஏறும். அந்த மூன்றும் ஒருசேரக் கூடும் இடங்களில் தென் இந்தியப் பெருங்கடல் முதன்மையானது.

அப்படிப் பிறந்த அலையில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 16 விநாடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அதன் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். அதன் ஆற்றல் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலை மூன்று நாளுக்குள் நராலூக் கரையைத் தொட்டுவிடும் என்பதால், உங்கள் மகனும் நண்பர்களும் வானிலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பெர்த்திலிருந்து புறப்படும் நாளைக் குறிக்க முடியும். இதே கடலிலிருந்து வடக்கே கிளம்பும் அலைகள் ஐந்தாறு நாட்களில் நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வருகின்றன. 2024 மே மாதம் கள்ளக்கடல் (தொலைவில் எழுந்து முன்னறிகுறியின்றிக் கரையைத் தாக்கும் பேரலை) எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில் அந்த மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உள்ளூரில் காற்றே வீசாத நாளிலும், எங்கோ வீசிய காற்றின் அலை கரைக்கு வந்து சேரும் என்பதை உங்கள் மகன் அறிந்திருப்பார். நாமும் அறிந்துகொள்வது நல்லது.

அலை வலிமையாக வந்தால் மட்டும் அலைச்சறுக்குக்குப் போதாது. அது உடையும் விதம்தான் முக்கியம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பெரும்பாலும் அடியில் மணல். கடல் படிப்படியாக ஆழம் குறைந்து கரையை அடைவதால், அலை சிறிது சிறிதாக வலுவிழந்து நுரைத்துச் சரிகிறது. நராலூவில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி ஆழம் குறைந்திருக்கும் கடலடிப் பரப்பு, குறுகலானது. அதற்கு மேல் பவளத்திட்டு திடீரென்று எழுந்து நிற்கிறது. ஆழத்தில் வேகமாக வந்த அலை தன் உயரத்தை ஒத்த ஆழமுள்ள இடத்தை எதிர்பாராமல் எட்டும்போது, அடிப்பகுதி தடைபட, மேற்பகுதி முன்னோக்கிப் பாய்ந்து கவிழ்கிறது. கவிழும் நீருக்குள் உள்ளே காலியான ஒரு குழல் உருவாகிறது. ‘பேரல்’ என்று வீரர்கள் சொல்வது இந்தக் குழலைத்தான். பலகையின் மேல் நின்றபடி அதற்குள் நுழைந்து, அது மூடிக்கொள்ளும் முன் வெளியே வருவதற்காகத்தான் அவர்கள் அத்தனை தூரம் போகிறார்கள். மணற்பரப்பு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும்; திட்டு மாறாது. ஆகவே அலை ஏறக்குறைய அதே இடத்தில், அதே கோணத்தில் மீண்டும் மீண்டும் உடையும். நராலூவின் புகழ்பெற்ற அலைக்கு ஆங்கிலத்தில் கல்லறைக் கற்கள் என்று பொருள்படும் டூம்ஸ்டோன்ஸ் என்ற பெயர். பெயரைக் கேட்டு வீட்டில் அம்மா பதற வேண்டாம். ஆனால் உங்கள் மகனின் அனுபவம் எவ்வளவு என்பதை அவசியம் கேளுங்கள்.

ராணிப்பேட்டை: கடலோரத்தில் எப்படிப் பாலைவனம் வரும்? அந்தப் பாலைவனத்தின் வாசலில் பவளம் எப்படி வளரும்?

பூமத்தியரேகைக்கு அருகே மேலெழும் காற்று, 20 முதல் 30 பாகை அட்சரேகைகளில் உலர்ந்து கீழிறங்குகிறது. கீழிறங்கும் காற்றில் மேகம் திரளாது. சகாராவும் நமீபும் அட்டகாமாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் இந்த வளையத்தையொட்டி அமைந்திருப்பது தற்செயல் இல்லை. இவற்றில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் குளிர் நீரோட்டம் ஓடுவதால், அங்கே மீன்வளம் பெருகுகிறது, பவளத்திட்டுகள் அமைவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் விதிவிலக்கு. லீவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைத் தெற்கே கொண்டுவருவதால், பாலைவனத்தின் ஓரத்திலேயே சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்கு நிங்கலூ பவளத்திட்டு வளர்ந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தக் கரையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நராலூ அதன் தென்கோடியில் இருக்கிறது.

வறட்சி பவளத்துக்குத் துணை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மழை குறைவு என்பதால் ஆறுகள் அடிக்கடி சேற்றைக் கொண்டுவந்து கடலில் கொட்டுவதில்லை. நீர் தெளிவாக இருந்தால்தான் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். நராலூவுக்குத் தெற்கே உள்ள கார்னார்வன் ஊரில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வூரின் காஸ்காயின் ஆறு நம் பாலாற்றைப் போலவே, ஆண்டின் பெரும்பகுதி மணலை மட்டும் காட்டிக்கொண்டு, நீரை மணலுக்கு அடியில் ஓடவிடும் ஆறு. அந்த ஊற்றுநீரை இறைத்துத்தான் அங்கே வாழை பயிரிடுகிறார்கள். ‘நீரில்லா ஆறு’ என்று நம் ஊரைக் கேலி பேசுபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

பாலைவனத்தால் அலைச்சறுக்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால், விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த எதிர்க்காற்று அலையின் முகப்பைத் தாங்கிப் பிடித்து, அது உடைவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, நீர்ப்பரப்பையும் வழவழப்பாக்கும். நண்பகலுக்குப் பிறகு தரை சூடேறியதும் காற்று திசைமாறும். தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் கடல் கலங்கிவிடும். குளிர்கால விடியற்காலையில் எழுந்து போகாதவர் நல்ல அலையைப் பார்ப்பது அரிது.

காட்பாடி, கல்லூரி மாணவர்: மாமல்லபுரத்தில் அலைச்சறுக்குக் கற்று, பலகையில் நின்று இருபுறமும் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டேன். உறவினர் வீட்டுக்கு ஆஸ்திரேலியா செல்லும்போது நேராக நராலூவில் இறங்கலாமா?

கூடாது, தம்பி. உங்கள் ஆர்வத்தைக் குறைத்துப் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்திருக்கிறது. நம் கரையில் கற்றவர்கள் உலகத்தரத்துக்கு உயர முடியும். ஆனால் மணற்கரையில் தவறி விழுந்தால் வாயில் மணல் போகும். திட்டில் தவறி விழுந்தால் முதுகோ தலையோ கல்லில் மோதும். அலை திட்டை நெருங்கும்போது, தனக்கு முன்னால் உள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு எழும். ஆகவே அலை உயரமாக எழும் அதே கணத்தில், நீங்கள் விழப்போகும் இடத்தில் இருக்கும் தண்ணீர் முன்பைவிடக் குறைந்திருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி நடந்த தஹீத்தித் தீவின் டியாஹூப்போவும் இந்த வகைதான்; அங்கே உலகின் தேர்ந்த வீரர்களே திட்டின் ஆழமின்மையை எண்ணி அஞ்சினார்கள்.

இன்னும் ஒன்று. மணற்கரை அலையில் எழுந்து நிற்கச் சில கணங்கள் கூடுதலாகக் கிடைக்கும். திட்டு அலை செங்குத்தாக எழுவதால், கைகளால் துழாவி வேகம் எடுத்து, ஒரே அசைவில் எழுந்து நின்றாக வேண்டும். நடுவில் தயங்கினால் பலகையின் மூக்கு நீரில் குத்தி, வீரர் தலைகுப்புற வீசப்படுவார். அந்த அசைவு சிந்திக்காமலே வரும்வரை மணற்கரையில் பழகுங்கள். பிறகு ஆழம் சற்றுக் கூடுதலாக உள்ள, மென்மையாக உடையும் திட்டு ஒன்றில், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில், அந்த இடத்தை அறிந்த ஒருவரின் துணையோடு தொடங்குங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல், கைகால்களை விரித்துப் படுத்தவாக்கில் நீரின் மேற்பரப்பில் விழவும், விழுந்ததும் இரு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளவும், காலை ஊன்றி நிற்க முயலாமல் இருக்கவும் பழக வேண்டும். தலைக்கவசம் அணிவதைச் சில வீரர்கள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அந்த நினைப்பு மடமை என்பது எங்கள் கருத்து.

நராலூ போன்ற இடத்தில் அலை முறையும் உண்டு. உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அவர் எழுந்து நின்ற பிறகு, அவருக்கு முன்னால் குறுக்கே இறங்குவது அடிதடியில் முடியக்கூடிய குற்றம். முதல் நாள் கரையில் உட்கார்ந்து, யார் எங்கே காத்திருக்கிறார்கள், எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பதிலேயே காலைப்பொழுதைச் செலவிடுங்கள். அலைகள் கூட்டமாக வரும், இடையே கடல் அடங்கும். அந்த அடக்கத்தைப் பார்த்து ஏமாந்து உள்ளே போகிறவர்கள்தான் அடுத்த கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆம்பூர்: நான் சிறுவயதில் விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன். கிணற்று நீச்சல் கடலுக்கு உதவுமா?

பாதி உதவும். மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போய்த் திரும்புவதும், நீருக்குள் பதற்றமில்லாமல் இருப்பதும் கிணற்றில் பழகியவர்களுக்குக் கைவந்தவை. அலைக்கு அடியில் சிக்கிப் புரளும்போது வேறெதைவிடவும் இவைதான் காப்பாற்றும். ஆனால் கிணற்று நீர் எங்கும் இழுத்துக்கொண்டு போகாது. திட்டின் மேல் கொட்டும் அலைநீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். அது திட்டில் உள்ள ஆழமான இடைவெளி வழியாக ஆற்று வேகத்தில் கடலுக்குள் பாயும். தேர்ந்த வீரர்கள் அந்த இடைவெளியையே பாதையாகக் கொண்டு, அதிகம் துழாவாமல் அலை உடையும் இடத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அதை அறியாதவர் அதே நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவார். இழுப்பில் அகப்பட்டால் எதிர்க்காமல், பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பு தளரும் இடத்தை அடைய வேண்டும். பலகையின் மேல் குப்புறப்படுத்து ஒரு மணி நேரம் கையால் துழாவுவதற்குத் தோளும் முதுகும் வேறு விதமாகப் பழக வேண்டும். அதற்குக் கிணறு போதாது.

வாணியம்பாடி: சுறாக்களைப் பற்றி ஒரு வார்த்தை?

ஆபத்து உண்மை, ஆனால் அரிது. 2000 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலையோரக் கரையில், காக்டஸ் என்னும் அலையிடத்தில் ஒருவரும், மறுநாள் எல்லிஸ்டன் அருகே இன்னொருவரும் வெள்ளைச் சுறாவால் கொல்லப்பட்டனர். விடியற்காலை இருட்டிலும் அந்திப்பொழுதிலும், மீன்கூட்டமும் கடற்பறவைகளும் மொய்க்கும் இடத்திலும், தனியாகவும் நீரில் இருப்பதைத் தவிர்ப்பது வழக்கம். கடிபட்டவரைக் கரை சேர்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காயத்துக்கு மேலே இறுகக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்துவது.

ஆற்காடு, செவிலியர்: பவளம் கிழித்த காயம் எளிதில் ஆறாது என்கிறார்கள். ஏன்? என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. இந்தப் பயணங்களில் ஏறக்குறைய எல்லாரும் வாங்கிவருவது இந்தக் காயம்தான். பவளத்தின் சுண்ணக் கூடு பொடிந்து, அதன் மேலிருந்த உயிர்த்தசையோடும் கடல்நீர்க் கிருமிகளோடும் தோலுக்குள் தங்கிவிடுகிறது. மறுநாளும் வீரர் உப்புநீரில் இறங்கி ஊறவைப்பதால் காயம் மூடுவதில்லை. நல்ல நீரும் சோப்பும் கொண்டு தாராளமாகக் கழுவி, மென்மையான தூரிகையாலும் இடுக்கியாலும் துகள்களை எடுத்துவிட்டு, கிருமிநாசினி தடவி, உலர்வாகக் கட்ட வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் போதும் என்று வீரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது எரியும், ஆனால் துகளை வெளியே எடுக்காது. சிவப்பு பரவினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மருத்துவமனை கார்னார்வனில், 150 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், டெட்டனஸ் தடுப்பூசியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்வதும், மருத்துவர் எழுதித்தந்த மருந்துகளைப் பெர்த்திலேயே வாங்கிக்கொள்வதும் அறிவுடைமை. கழுத்தில் அடிபட்டவரை, நீரில் மூழ்கும் ஆபத்து நீங்கியபின், தூக்கி நடக்கவைக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறோம்.

குடியாத்தம் ஆசிரியரின் கடிதத்திலிருந்தே இரண்டாவது கேள்வி: மகனைத் தடுக்க எனக்கு மனமில்லை. எதையெல்லாம் அவன் எடுத்துப்போகிறானா என்று நான் கேட்க வேண்டும்?

முதலில் தண்ணீர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, வண்டி பழுதாகி நிற்கும் நாட்களுக்கும் சேர்த்து எடுத்துச்செல்ல வேண்டும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது. எரிபொருளும் அப்படியே. கார்னார்வனைத் தாண்டிய பின் பாதையின் கடைசிப் பகுதி தார் போடாதது. சக்கரத்தில் காற்றைக் குறைத்து மெதுவாக ஓட்ட வேண்டும், உபரிச் சக்கரம் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், பாதையும் தங்குமிடமும் திறந்திருக்கின்றனவா, முன்பதிவு வேண்டுமா என்று புறப்படும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்களைக் கேட்டால், அலையைவிட அந்த நெடுஞ்சாலைதான் கவலைக்குரியது. மிக நீளமான சரக்கு வண்டித்தொடர்கள் அந்தச் சாலையில் ஓடுகின்றன. அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் குறுக்கே பாய்கின்றன. வேலை முடித்த கையோடு வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு விடிய விடிய ஓட்டிக்கொண்டு போய் அதிகாலை அலையைப் பிடிக்கலாம் என்பது இளைஞர்களின் வழக்கமான திட்டம். அந்தத் திட்டத்தை மட்டும் நீங்கள் தந்தை என்ற உரிமையோடு கண்டிக்கலாம்.

கைப்பேசிக்கு அங்கே அலைவரிசை கிடைக்கும் என்று நம்பக் கூடாது. ஆகவே செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று கட்டாயம். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அந்தக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். பொத்தானை அழுத்தினால், கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்கு இருப்பிடம் தெரிந்துவிடும். தொலைதூர மக்களுக்காக 1928-இல் தொடங்கப்பட்ட பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் விமானத்தில் வந்து நோயாளியை ஏற்றிச் செல்கிறது. ஆயினும் விமானம் வந்து சேரும்வரையுள்ள மணி நேரங்களில் முதலுதவி தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அவர் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் உடனே வந்தால், பிள்ளைகள் யோசித்துத்தான் புறப்படுகிறார்கள் என்று பொருள்.

வாலாஜாபேட்டை: மகளைப் பார்க்கப் பெர்த் செல்கிறோம். அறுபதைத் தாண்டிய எங்களுக்கு இந்த அலையைக் கரையிலிருந்தாவது பார்க்கக் கிடைக்குமா?

தாராளமாக, அம்மா. அலை நன்றாக வருவது மே முதல் செப்டம்பர் வரை. அங்கே அது குளிர்காலம் என்பதால் நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்குப் பகல் இதமாகவே இருக்கும். நராலூ வரை போகத் தெம்பில்லை என்றால், கார்னார்வனுக்கு வடக்கே 75 கிலோமீட்டர் அளவில் குவோபா என்னும் இடத்துக்குத் தார்ச்சாலையே இருக்கிறது. அங்கே பேரலைகள் பாறையின் துளைகளுக்குள் புகுந்து வானை நோக்கிப் பீறிடுவதைக் காணலாம். ஜூன் மாதத்திலிருந்து கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரமாகக் கடந்து போகும். சாலை கடலைத் தொடும் இடத்தில், பேரலைகள் உயிரைப் பறிக்கும் என்று பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பாறை நனைந்திருக்கும் இடம்வரை அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். உலர்ந்த இடத்திலும் நன்றாகப் பின்தள்ளி நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.